வட்டுக்கோட்டையில் அப்போது மணி என்ன?

சில வாரங்களுக்கு முன்னர் ரொறன்ரோவிலிருந்து தொலைபேசி வந்தது. பேசியவர் எனது பெரியம்மா. எண்பதைக் கடந்தவர். வழக்கமான சுகநல விசாரிப்புகள் எவையுமின்றி நேரடியாக விடயத்துக்கு வந்தார்.

"தம்பி, நாங்கள் நாள், நேரம் எல்லாம் பார்த்துத்தான் அந்தக் கலியாணத்தைச் செய்தனாங்கள். முகூர்த்தத்துக்கு முதலே தாலி ஏறிட்டுது எண்டு இந்தப் பெடியன் கொம்பியூட்டரைக் காட்டிச் சொல்லுறான். நீ பேப்பர்க்காரன். நீயே பார்த்துச் சொல்லு."

'பெடியன்' என்பது அவரது பேரன். கலியாணம் என்பது 2003ஆம் ஆண்டு ஓகஸ்ட் கடைசி வாரத்தில் வட்டுக்கோட்டையில் நடந்த எங்கள் குடும்பத் திருமணம். ரொறன்ரோவிலிருந்து அதற்காகவே பறந்து வந்த மைத்துனர் ஒருவர், சட்டைப்பையில் அடங்கும் சின்னஞ்சிறு டிஜிட்டல் கமரா ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அவர் எடுத்த படங்கள் ஓர் இறுவட்டில் பதியப்பட்டு, இருபது ஆண்டுகளுக்கு மேலாக அலுமாரியில் கிடந்தன. அண்மையில் பேரன் அவற்றைக் கணினிக்கு மாற்றி, நேர ஒழுங்கில் அடுக்க முனைந்திருக்கிறான். தாலி கட்டும் படத்தின் உள்ளே பதிவாகியிருந்த நேரம் அதிகாலை 1.20. அது ரொறன்ரோ நேரம் என்பதை அவன் சரியாகவே ஊகித்தான். கோடைகாலத்தில் ரொறன்ரோவுக்கும் இலங்கைக்கும் இன்றுள்ள வித்தியாசமாகிய ஒன்பதரை மணித்தியாலத்தைக் கூட்டினான். முற்பகல் 10.50 என்று வந்தது. அழைப்பிதழில் அச்சாகியிருந்த சுபமுகூர்த்தமோ 11.05 முதல் 11.45 வரை. கால் மணித்தியாலம் முந்திவிட்டது!

கேட்பவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். பெரியம்மாவுக்கு அது வேடிக்கை அல்ல. எனக்கும் இல்லை. செய்தித்தாளில் பணியாற்றிய காலம் முழுவதும் ஒரு படம் கைக்கு வந்ததும் நான் கேட்ட முதற் கேள்வி, "எப்போது எடுத்தது?" என்பதுதான். நாள் தெரியாத படம் அழகாக இருக்கலாம். ஆனால் அது சாட்சி ஆகாது.

ஆகவே அந்தச் சிறு கமராக்களின் அமைப்புகளைப் பற்றி, அவற்றின் காலம் முடிந்துவிட்ட இந்நாளில், கொஞ்சம் எழுதலாம் என்று தோன்றியது. வட்டுக்கோட்டையை விட்டு விலகாமலே அதனைச் செய்ய முடியும்.

ஒளிப்படக் கலைக்கு முறையான பிறந்தநாள் என்று சொல்லத்தக்கது 1839 ஜனவரி 7. பிரெஞ்சுக்காரரான டாகேரின் கண்டுபிடிப்பு பாரிஸ் அறிவியற் கழகத்தில் அன்றுதான் அறிவிக்கப்பட்டது. சரியாக இரண்டு ஆண்டுகள் கழித்து, 1841 ஜனவரி 7 அன்று, யாழ்ப்பாணத்தின் முதற் பத்திரிகையாகிய 'உதயதாரகை' வெளிவந்தது. தேதிப் பொருத்தம் தற்செயலானது. ஆனால் உதயதாரகையின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி மார்ட்டின், யாழ்ப்பாணத்தில் ஒளிப்படக் கலையில் முதலில் ஈடுபட்ட தமிழராகவும் குறிப்பிடப்படுகிறார். அவர் வட்டுக்கோட்டைச் செமினரியில் உருவானவர். 1823இல் அமெரிக்க மிஷன் தொடங்கிய அந்தக் கல்விக்கூடம் 1855இல் மூடப்பட்டது. அதே வளவில் 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. எங்கள் ஊரில் பத்திரிகையும் ஒளிப்படமும் ஒரே வாசலால் உள்ளே வந்தன என்று சொல்வது மிகையாகாது.

அந்தக் காலத்துப் படப்பிடிப்பாளர் ஒருவர் எத்தனை முடிவுகளைத் தாமே எடுக்க வேண்டியிருந்தது என்று எண்ணிப் பாருங்கள். 1851க்குப் பின் பரவிய ஈரக் கண்ணாடித் தகட்டு முறையில், தகட்டில் மருந்து பூசி, அது காய்வதற்கு முன் படம் பிடித்து, உடனே இருட்டறையில் கழுவியாக வேண்டும். எங்கள் வெயிலில் தகடு விரைவில் உலர்ந்துவிடும். எவ்வளவு நேரம் வில்லையின் மூடியைத் திறந்து வைப்பது, மருந்து எவ்வளவு கூர்மையாய் இருக்கிறது, எதிரில் இருப்பவரை எந்தத் தொலைவில் நிறுத்துவது என்பனவெல்லாம் அவரது அனுபவத்தில்தான் இருந்தன.

1888இல் கோடாக் நிறுவனம் நூறு படங்களுக்கான சுருள் பூட்டிய பெட்டிக் கமராவை விற்கத் தொடங்கியபோது அந்த முடிவுகள் மனிதரின் கையிலிருந்து நழுவத் தொடங்கின. பொத்தானை அழுத்துவது மட்டுமே வாங்கியவரின் வேலை. மிச்சம் நிறுவனத்தினுடையது. அதே கோடாக் நிறுவனத்தில் 1975இல் ஸ்டீவன் சாசன் என்ற இளம் பொறியியலாளர் முதல் டிஜிட்டல் கமராவை உருவாக்கினார். ஏறத்தாழ மூன்றரைக் கிலோ எடை. நூறுக்கு நூறு, மொத்தம் பத்தாயிரம் புள்ளிகள். ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய 23 விநாடிகள் எடுத்தது. இருபது ஆண்டுகள் கழித்து, 1995இல், கசியோ நிறுவனத்தின் கியூவி-10 முதுகில் ஒரு சிறு திரையோடு சந்தைக்கு வந்தது. எடுத்த படத்தை எடுத்த இடத்திலேயே கமராவின் திரையில் பார்க்கலாம் என்ற நிலை பொதுமக்களுக்கு வாய்த்தது அப்போதுதான்.

அந்த 1995ஆம் ஆண்டு வட்டுக்கோட்டையில் எப்படி இருந்தது? 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்ட பின்னர் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையின் பட்டியலில் பற்றறிகளும் இருந்தன. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட காலம் அது. அவ்வாண்டு ஒக்டோபர் 30 அன்று வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி நடந்தது. 1996 ஏப்ரலுக்குப் பிறகு திரும்பி வந்தவர்களில் எத்தனையோ பேருக்கு வீடு இருந்தது, கூரை இல்லை. கூரை இருந்தவர்களுக்கு அலுமாரி இல்லை. அலுமாரியோடு அல்பங்களும் போயின. பாட்டன், பூட்டன் முகங்கள் அப்படித்தான் தொலைந்தன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. வீட்டுக்கு வீடு அழிந்துபோன இந்தச் சிறு நூலகங்களைப் பற்றி எவரும் கணக்கெடுக்கவில்லை.

2002இல் போர்நிறுத்த உடன்படிக்கை வந்தது. ஏ-9 வீதி திறந்தது. புலம்பெயர்ந்தவர்கள் பத்து, பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். அவர்களுடைய கைகளில் சிறிய டிஜிட்டல் கமராக்கள் இருந்தன. இடிந்த வீட்டை எடுத்தார்கள். கிணற்றடியை எடுத்தார்கள். படித்த பள்ளியை, குலதெய்வக் கோயிலை, பல் விழுந்த ஆச்சியை எடுத்தார்கள். 2006 ஓகஸ்ட்டில் வீதி மீண்டும் மூடப்படும் வரை அது தொடர்ந்தது. அந்த நான்கு ஆண்டுகளில் எடுக்கப்பட்ட படங்களே பல குடும்பங்களின் இரண்டாவது ஆவணக் காப்பகம். அவற்றில் உள்ள கட்டடங்கள் பல இன்று இல்லை. முகங்கள் பலவும் இல்லை.

அந்தக் கமராக்களில் இருந்த அமைப்புகள் ஒவ்வொன்றும் இந்தக் காப்பகத்தின் தரத்தைத் தீர்மானித்தன. அநேகர் அவற்றைத் தொடவேயில்லை. எல்லாவற்றையும் 'ஓட்டோ'வில் விட்டுவிட்டார்கள்.

முதலாவது, படத்தின் அளவு. பெட்டியோடு கிடைத்த நினைவக அட்டை பெரும்பாலும் 8 அல்லது 16 மெகாபைட்தான். இரண்டு மெகாபிக்சல் கமராவில் நல்ல தரத்தில் எடுத்தால் 8 மெகாபைட் அட்டை பத்துப் படங்களோடு நிறைந்துவிடும். ஆகவே சிக்கனமாக, 640க்கு 480 என்ற மிகச்சிறிய அளவுக்கு மாற்றிவிட்டு நூற்றுக்கு மேல் எடுத்தவர்கள் பலர். அன்றைய கணினித் திரையில் அது போதுமானதாகத் தெரிந்தது. இன்று அதனைப் பெருப்பித்து, சுவரில் மாட்டியிருந்த பாட்டனாரின் படத்தைப் பார்க்க முயன்றால் சதுரங்கள்தான் தெரிகின்றன. எடுக்கும்போது விட்டுவிட்ட நுணுக்கத்தைப் பின்னர் எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. இல்லாததை ஊகித்து வரையத்தான் முடியும். அது வேறு விடயம்.

இரண்டாவது, 'டிஜிட்டல் சூம்'. வில்லை உண்மையாகவே நகர்ந்து நெருக்கமாகக் காட்டுவது ஒன்று. படத்தின் நடுப்பகுதியை வெட்டி ஊதிக் காட்டுவது இன்னொன்று. பின்னையதைப் பெரிய எண்களில் விளம்பரப்படுத்தினார்கள். கோபுரத்துச் சிற்பத்தை அப்படி எடுத்தவர்களுக்குக் கிடைத்தது மங்கிய சாந்துப் பொம்மை.

மூன்றாவது, ஒளியுணர்வு எண். படச்சுருள் காலத்தில் ஒரு சுருளுக்கு ஒரே எண்தான். முப்பத்தாறு படமும் முடியும் வரை மாற்ற இயலாது. டிஜிட்டலில் படத்துக்குப் படம் மாற்றலாம். பெரிய வரம்தான். ஆனால் விரல்நகமளவு உணரியில் எண்ணைக் கூட்டினால் மணலைத் தூவியதுபோல் புள்ளிகள் படரும். அதற்குப் பயந்து பிளாஷை விட்டால் கருவறை விளக்கின் பொன்னிறம் செத்துப்போகும். கோயிலுக்குள் படம் எடுக்க அனுமதித்த இடங்களிலும் தூணில் சாய்ந்து மூச்சடக்கி, பிளாஷை நிறுத்தி எடுத்தவர்களின் படங்களே இன்று பார்க்கத்தக்கவையாக இருக்கின்றன.

நான்காவது, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு. கமரா எதனையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே கருதிக் கணக்கிடும். வெள்ளை வேட்டி உடுத்த பத்துப் பேர் சுண்ணாம்புச் சுவருக்கு முன்னால் நின்றால், 'வெளிச்சம் அதிகம்' என்று எண்ணி அது படத்தை இருட்டாக்கிவிடும். வேட்டி சாம்பலாகும். எங்கள் முகங்கள் கரியாகும். ஒரு படி கூட்டிவைத்தால் போதும். அந்தக் குறியீடு பெரும்பாலான கமராக்களில் இருந்தது. கூட்டலும் கழித்தலும் போட்ட சிறு கட்டம் அது. எத்தனை ஆச்சிமாரின் முகங்கள் அந்தக் கட்டத்தை அழுத்தாமையால் இருளில் போயின!

ஐந்தாவது, வெண்மைச் சமநிலை. டியூப் லைட் வெளிச்சம் பச்சையாய்ப் பதிவதும், பெற்றோல்மக்ஸ் வெளிச்சம் மஞ்சளாய்ப் பதிவதும் இதனால்தான். இது ஒன்றை மட்டும் பின்னர் ஓரளவு திருத்திக்கொள்ளலாம்.

பூப்போன்ற குறியுடைய அண்மைப்பட அமைப்பையும் சொல்ல வேண்டும். பெயர்தான் பூ. எங்களுக்கு அது பயன்பட்டது பூக்களை எடுக்க அல்ல. உறவினர் வீட்டில் எஞ்சியிருந்த ஒரேயொரு பழைய படத்தை, கையெழுத்துக் குறிப்பை, ஏட்டுச் சுவடியின் ஓரத்தை அங்கேயே பிரதி எடுத்துக்கொள்ள அது உதவியது. மின்வருடி இல்லாத ஊரில் அதுவே மின்வருடி.

இவ்வளவையும் விட முக்கியமானதாக நான் கருதுவது கடைசி அமைப்பைத்தான். பட்டியலின் அடியில் கிடக்கும் 'தேதி, நேரம்.'

ஒவ்வொரு டிஜிட்டல் படத்தின் உள்ளேயும் எடுத்த நேரம், வில்லைத் திறப்பு, ஒளியுணர்வு எண் முதலியன எழுதப்படுகின்றன. 'எக்ஸிஃப்' எனப்படும் அந்த முறையை ஜப்பானியத் தொழில்துறையினர் 1995இல் வகுத்தார்கள். ஆனால் ஒரு பெருங்குறை இருந்தது. எந்த நாட்டு நேரம் என்று எழுதுவதற்கு அதில் இடம் இல்லை. கமராவின் மணிக்கூடு சொல்வதை அது அப்படியே எழுதிக்கொள்ளும். நேர வலயத்தைக் குறிக்கும் வசதி 2016இல்தான் சேர்க்கப்பட்டது. ஆகவே 2003இல் வட்டுக்கோட்டையில் எடுத்த படம் ரொறன்ரோ நேரத்தை, இலண்டன் நேரத்தை, மெல்போர்ன் நேரத்தை, எதனைச் சொல்கிறது என்று படத்தைக் கேட்டால் தெரியாது. உள்ளே இருந்த சிறு பற்றறி இறந்துபோயிருந்தால் நிலைமை இன்னும் மோசம். எல்லாப் படங்களும் ஏதோ ஓர் ஆண்டின் ஜனவரி முதலாம் தேதியில் எடுத்தவையாகிவிடும்.

நேரம் பற்றிய வழக்கு வட்டுக்கோட்டைக்குப் புதிதன்று. 1829இல் அங்கே பெரியதொரு வழக்கு நடந்தது. செமினரியின் அதிபராக இருந்த டானியேல் பூவர், அயலூரான அராலியைச் சேர்ந்த விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கத்தைப் பார்த்தார். அவ்வாண்டு மார்ச் 20ஆம் தேதிச் சந்திரகிரகணத்துக்குச் சாஸ்திரியார் குறித்திருந்த நேரமும் மேலைத்தேயக் கணிதப்படி வந்த நேரமும் வேறுபட்டன. தொடங்கும் நேரத்தில் வித்தியாசம் கால் மணித்தியாலம். விடயம் ஊரெங்கும் பரவியது. யார் சொல்வது சரி என்று பார்க்க மக்கள் திரண்டார்கள். பூவரின் கணக்கே பொருந்தியது என்று எமர்சன் டெனன்ற் தமது நூலில் எழுதியிருக்கிறார். மிஷனரிமார் அதனைச் சமய வெற்றியாகவும் காட்டிக்கொண்டார்கள். அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. தலைமுறை தலைமுறையாக வாக்கியங்களை மனத்தில் வைத்துக் கணித்துவந்த சாஸ்திரியார் மரபும் மதிப்புக்குரியதே. நான் எடுத்துக்கொள்வது வேறொன்று. அன்று இரு தரப்பாரும் ஒரே நடுவரை ஏற்றுக்கொண்டார்கள். அந்த நடுவர் வானம்.

இனிப் பெரியம்மாவின் வழக்குக்கு வருவோம். அதிலும் வித்தியாசம் கால் மணித்தியாலந்தான்.

பேரன் கூட்டியது ஒன்பதரை மணித்தியாலம். அது இன்றைய கணக்கு. 2003இல் அது சரியல்ல. வரட்சியால் நீர்மின் உற்பத்தி குறைந்தபோது, 1996 மே மாதத்தில் இலங்கை அரசு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. அதே ஆண்டு ஒக்டோபரில் அதில் அரை மணித்தியாலத்தைக் குறைத்தது. எஞ்சிய அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் வரை அப்படியே இருந்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. 'பழைய நேரம்', 'புதிய நேரம்' என்று நாங்கள் பேசிக்கொண்ட காலத்தை ஊரிலிருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஏ-9 வீதியில் ஓமந்தையைத் தாண்டினால் மணி அரை மணித்தியாலம் பின்னால் போகும். முகமாலையைத் தாண்டினால் மீண்டும் முன்னால் வரும். ஒரே நாட்டில், ஒரே வீதியில், ஒரே நாளில்!

வட்டுக்கோட்டை அப்போது புதிய நேரத்தில் இருந்தது. அழைப்பிதழும் அதன்படியே அச்சிடப்பட்டது. ஆகவே கூட்ட வேண்டியது பத்து மணித்தியாலம். 1.20உடன் பத்தைக் கூட்டினால் 11.20. முகூர்த்தத்தின் நடுவே!

ஆனாலும் ஒரு பத்திரிகையாளனுக்கு ஒரு சாட்சி போதாது. மைத்துனரின் கமரா மணிக்கூடே பிழையாக ஓடியிருந்தால்? அதற்கும் நடுவர் இருந்தார். பந்தி முடிந்து முற்றத்தில் பிள்ளைகள் நிற்கும் படம் ஒன்று அந்த இறுவட்டில் உண்டு. பதிவான நேரம் 2.41. அதில் பிள்ளைகளின் நிழல் பக்கவாட்டில் எங்கும் நீளவில்லை. காலடியிலேயே சுருண்டு கிடக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் சூரியன் நேர் உச்சியில் வருவது ஆண்டில் இருமுறை. ஏப்ரல் நடுப்பகுதியில் ஒருமுறை, ஓகஸ்ட் கடைசி வாரத்தில் மறுமுறை. ஓகஸ்ட்டில் அது நிகழும் நேரம் இன்றைய மணிப்படி ஏறத்தாழ 12.11. அன்றைய புதிய நேரப்படி 12.41. ரொறன்ரோவில் அப்போது அதிகாலை 2.41. கமரா ரொறன்ரோ நேரத்தைப் பிழையில்லாமல் காட்டியிருக்கிறது.

அன்றிரவே தொலைபேசியில் விளக்கினேன். பேரன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஓம் அங்கிள், 2006க்கு முதல் வேற நேரம் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை" என்றான். அவனைக் குறைசொல்ல என்ன இருக்கிறது? சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்.

2010ஆம் ஆண்டில் உலகெங்கும் 12 கோடிக்கும் மேற்பட்ட டிஜிட்டல் கமராக்கள் தொழிற்சாலைகளிலிருந்து வெளியேறின. மிகப்பெரும் பகுதி இந்தச் சிறு கமராக்கள். 2023இல் எல்லா வகையும் சேர்த்து ஒரு கோடியைக்கூட எட்டவில்லை. கைத்தொலைபேசி அவற்றை விழுங்கிவிட்டது. அது நேரத்தையும் இடத்தையும் தானே குறித்துக்கொள்கிறது. கவலையில்லை. கவலையெல்லாம் அந்த இடைப்பட்ட காலத்துப் படங்களைப் பற்றியதுதான். அவை பழுதாகும் இறுவட்டுகளிலும், வாசிக்கும் கருவியே அரிதாகிவிட்ட அட்டைகளிலும், வெள்ளியும் பிள்ளையாரும் பதித்த பெட்டிகளுக்குள்ளும் உலகமெங்கும் கிடக்கின்றன.

வாசகர்கள் தம்மிடம் உள்ளவற்றை இந்த வாரமே எடுத்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மூலக் கோப்பைத் திருத்தாமல் இரண்டு இடங்களில் பிரதி வையுங்கள். கமரா எந்த நாட்டு நேரத்தில் இருந்தது என்று ஒரு தனிக் குறிப்பில் எழுதுங்கள். 1996 மே முதல் 2006 ஏப்ரல் வரையான படமானால் பழைய நேரமா, புதிய நேரமா என்பதையும் எழுதுங்கள். படத்தில் நிற்பவர்களின் பெயர்களை, சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். நேரத்தைச் சூரியனைக் கொண்டு திருத்திவிடலாம். பெயரை அப்படித் திருத்த வழியில்லை.

பெரியம்மா எனது விளக்கம் முழுவதையும் கேட்டார். நிழலைப் பற்றிய பகுதி அவருக்குப் பிடித்திருந்தது போலும். சிறிது நேரம் பேசாமலிருந்தார்.

"அந்த முற்றத்துப் படத்திலை வலப்பக்கம் நிக்கிற பிள்ளை ஆரெண்டு தெரியுமோ உனக்கு?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. அவர் சொன்னார். பேரன் எழுதிக்கொண்டான்.